பாடு பெரிது, பங்கு எங்கே?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் கால்பந்து கிளப்புக்கு முப்பது வயதாகப் போகிறது. வளைகுடாவில் தொழில் செய்கிற ஊர்க்காரர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு லட்சம் தருகிறேன் என்கிறார். பதிலுக்குக் கிளப் பெயருக்கு முன்னால் அவர் நிறுவனத்தின் பெயர் வரவேண்டுமாம். வெளியூர் ஆட்களை இறக்கியாவது கோப்பை தூக்க வேண்டுமாம். பையன்கள் சரி என்கிறார்கள், பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். உலகம் முழுக்கக் கால்பந்தே இப்போது பணத்தில்தானே ஓடுகிறது? அது நம்மைப் போன்ற ரசிகருக்கும் சின்ன கிளப்புக்கும் நல்லதா, கெட்டதா?"

தம்பி, நான் மண்டபம் பக்கம் ஒரு கிளப்பின் வரவு செலவு நோட்டை இருபது வருடத்துக்கு மேல் எழுதியவன். விசிலும் ஊதியிருக்கிறேன், கோல் போஸ்ட்டுக்குச் சவுக்குக் கம்பும் சுமந்திருக்கிறேன். அதனால் பணமே வேண்டாம் என்கிற பெரியவர்கள் பக்கம் நான் முழுசாக இல்லை. பந்து சும்மா வருவதில்லை. நாம் ஆடுகிற தரவை மைதானத்தைச் சுற்றி நிற்கிற சீமைக்கருவேல முள் ஒரு சீசனுக்கு எத்தனை பந்தைத் தின்னும் என்று உங்களுக்கே தெரியும்.

படகு கரைக்கு வந்தால் நம் ஆட்கள் முதலில் கேட்பது 'பாடு எப்படி?', அதாவது எவ்வளவு மீன் பட்டது என்று. அடுத்த கேள்வி பங்கு. டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து, படகுக்கு இவ்வளவு, ஏறிப்போன ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது சத்தம் போடுவார்கள், சண்டைகூட வரும். ஆனால் பிரிக்காமல் விட்டால் மறுநாள் அந்தப் படகில் ஆள் ஏற மாட்டான். கால்பந்தில் முப்பது வருடமாகப் பாடு ஏறிக்கொண்டே இருக்கிறது. கோளாறு பங்கில்தான். நீங்கள் கேட்ட நல்லதா கெட்டதாவை நான் இந்த ஒரு கண்ணாடி போட்டுத்தான் பார்ப்பேன்.

இங்கிலாந்திலிருந்து தொடங்குகிறேன். நம் பையன்கள் ராத்திரி கண்விழித்துப் பார்ப்பது அதைத்தானே. அங்கே மேல்மட்ட கிளப்புகள் பழைய லீக்கிலிருந்து பிரிந்து 1992இல் பிரீமியர் லீக்கை ஆரம்பித்தன. பிரிந்ததற்குப் பெரிய காரணம் டிவிப் பணம்தான். அதுவரை நாலு டிவிஷன் கிளப்புகளும் ஒரே குடையின் கீழ் பேரம் பேசி வந்தன. 1992க்குப் பிறகு மேலே இருந்தவர்கள் தங்கள் ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தாங்களே விற்றுக்கொண்டார்கள். முதல் ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 30.4 கோடி பவுண்டு. 2025இல் தொடங்கிய ஒப்பந்தம், உள்நாட்டு ஒளிபரப்புக்கு மட்டும், நாலு வருடத்துக்கு 670 கோடி பவுண்டு. நம் ரூபாயில் எழுபதாயிரம் கோடிக்கு மேல். வருடக் கணக்காக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 27 மடங்கு. நம் கடலில் எந்த மீன் 27 மடங்கு விலை ஏறியிருக்கிறது, சொல்லுங்கள்.

இவ்வளவு வந்த பிறகு மைதானத்தில் உட்காருகிறவனுக்கு டிக்கெட் மலிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. லிவர்பூல் நிர்வாகம் அடுத்த சீசனுக்கு உச்ச விலை டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்தது. 2016 பிப்ரவரி 6ஆம் தேதி சண்டர்லாந்துடன் ஆட்டம். 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அப்போது லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது 2-2. நாலு நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த சீசனிலிருந்து பிரீமியர் லீக் முழுவதும், வெளியூர் மைதானத்துக்குத் தன் அணியோடு போகிற ரசிகருக்கு 30 பவுண்டுதான் உச்ச விலை என்று ஆனது. கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. எழுந்து போனார்கள், அவ்வளவுதான். காலி நாற்காலி டிவியில் அசிங்கமாகத் தெரியும், டிவிக்காரன்தான் பெரிய முதலாளி. ரசிகர்கள் அதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

அதே நாட்டில், மான்செஸ்டருக்கு அடுத்தாற்போல் பெரி என்று ஒரு ஊர். 1885இல் தொடங்கிய கிளப். எஃப்ஏ கோப்பையை 1900இலும் 1903இலும் ஜெயித்தது, 1903 இறுதியாட்டத்தில் 6-0. பக்கத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கும் யுனைடெட்டுக்கும் பணம் மழையாகப் பெய்துகொண்டிருந்த காலத்தில், தன் நிதி நிலையை நிரூபிக்க முடியாமல் 2019 ஆகஸ்டில் பெரி லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. இப்படிப்பட்ட சாவுகளைப் பார்த்துத்தான் அரசாங்கமே 2025இல் சட்டம் போட்டு, கால்பந்துக்கென்று தனியாக ஒரு கண்காணிப்பு அமைப்பை வைத்தது. கிளப்பின் கணக்கு நேராக இருக்கிறதா, வாங்க வருகிற முதலாளி யார் என்று பார்ப்பது அதன் வேலை.

உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் டிவியில் நேரலையாகக் காட்டக்கூடாது என்று 1960களிலிருந்து ஒரு வழக்கம். பெரிய ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டால் சின்ன கிளப்பின் மைதானத்துக்கு எவன் டிக்கெட் எடுப்பான்? அதற்காக வைத்த வேலி. ஆகவே மூன்று மணி ஆட்டத்தை மான்செஸ்டரில் இருப்பவன் தன் வீட்டு டிவியில் பார்க்க முடியாது. பாம்பனில் இருக்கிற நாம் ராத்திரி எட்டரைக்கு, அவர்கள் கோடைக்காலமென்றால் ஏழரைக்கு, கைபேசியில் பார்க்கலாம். அவர்கள் ஊர்ச் சின்ன கிளப்புக்கு வேலி இருக்கிறது. நம் ஊர்ச் சின்ன கிளப்புக்கு? நமக்கு வேலி வெயில்தான். சாயந்திரம் நாலரைக்கு மேட்ச் வைப்பதால் டிவியோடு மோதாமல் தப்பிக்கிறோம். மின்னொளி டோர்னமென்ட் நடத்துகிற கமிட்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் ஆடுகிற ராத்திரி கூட்டம் எப்படி இருந்தது என்று.

ஜெர்மனியில் கதையே வேறு. கிளப்பின் ஓட்டு உரிமையில் பாதிக்கு மேல், அதாவது 50+1, உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது 1998இலிருந்து அங்கே விதி. உறுப்பினர் என்றால் சந்தா கட்டுகிற ஊர்க்காரன். 2023 டிசம்பரில் லீக்கின் ஊடக வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்கலாம் என்று கிளப்புகள் ஓட்டுப் போட்டன. அதன் பிறகு வாராவாரம் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்தும், தங்கக்காசு மாதிரி தாள் சுற்றிய சாக்லேட்டும் வந்து விழுந்தன. பொறுக்கி முடிக்கும்வரை ஆட்டம் நின்றது. 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஓட்டும் இருந்தது, சாக்லேட்டும் இருந்தது, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன என்பது என் எண்ணம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை ஐஎம்ஜி ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு 15 வருடத்துக்கு, 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்தது. அதன் பலனாக 2014இல் ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், வந்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். இத்தாலியின் மார்கோ மாட்டெராசியும் பிரேசிலின் எலானோவும் 'சென்னையின் எஃப்சி' என்ற ஐஎஸ்எல் அணியின் சட்டை போட்டு நேரு ஸ்டேடியத்தில் ஆடுவார்கள் என்று 2013இல் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். 2015இல் கோவாவை 3-2 என்று கவிழ்த்துச் சென்னை கோப்பை எடுத்த ராத்திரி, எங்கள் தெருவில் கிரிக்கெட் தவிர வேறொன்றுக்கு வெடி வெடித்ததை அன்றுதான் பார்த்தேன். பையன்களுக்கு அதிலிருந்துதான் ஒரு நம்பிக்கை வந்தது: பந்து ஆடியும் சம்பளம் வாங்கலாம்.

ஆனால் அந்த லீக்குக்கு முதலில் ஏணி இல்லை. கீழே ஜெயித்து மேலே ஏற வழி வைக்கவில்லை. காசு கட்டி உள்ளே வந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள். இதன் சூட்டை நேராக வாங்கிய கிளப் நம் தமிழ்நாட்டில்தான் இருந்தது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை சிட்டி எஃப்சி, பெயர்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். ஐஎஸ்எல்லுக்கு முன்பே இருந்த தேசிய லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தை 2018-19இல் ஜெயித்தது. கடைசி நாள் வரை இழுபறி, ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி அதிகம். நூறு வருடம் பழுத்த கொல்கத்தா கிளப்பை ஒரு கொங்குநாட்டு மைதானத்து அணி முந்தியது. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி கோல்களாகப் போட்டுத் தள்ளினார், கூடவே தமிழ்நாட்டுப் பையன்கள் வரிசையாக இறங்கினார்கள். அந்த வருடமே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் இதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. பெரிய பணம், வெளிநாட்டு அனுபவம், கோப்பை எல்லாம் இருந்தது. மேலே போகக் கதவு மட்டும் இல்லை. நல்ல பையன்கள் ஒவ்வொருவராக ஐஎஸ்எல் அணிகளுக்குப் போனார்கள். 2020-21 சீசனுக்குப் பிறகு அந்தக் கிளப்பை லீக்கில் காணோம். பட்டம் வாங்கிய மூன்றே வருடத்தில் இப்படி ஆனது. ஐ-லீக்கில் ஜெயித்தால் ஐஎஸ்எல்லுக்கு ஏறலாம் என்ற விதி 2022-23இல்தான் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாப் அணி ஏறியது, மறுவருடம் கொல்கத்தாவின் முகமதன் கிளப் ஏறியது. கோயம்புத்தூர்க்காரனுக்கு அது காலம் தப்பிய மழை.

நம் கடற்கரைக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. கன்னியாகுமரிக் கடலோரத்து மீனவ ஊரிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடித்தான் ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கொல்கத்தாவுக்கும் போனார். நடுவே ஒரு படி இருந்ததால் ஏறினார். அந்தப் படியைப் பிடுங்கிவிட்டால் தரவையில் ஆடுகிறவன் ஒரே தாவலில் ஐஎஸ்எல்லுக்குத் தாவ வேண்டும். யார் தாவுவார்கள்?

மேலே இருந்த பணமும் உறுதியானதில்லை என்று 2025இல் தெரிந்தது. பதினைந்து வருட ஒப்பந்தம் டிசம்பரில் முடிய வேண்டியிருந்தது. புதுப்பிப்பது யார் என்று முடிவாகாமல் ஜூலையிலேயே அந்த வருட ஐஎஸ்எல்லை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. சம்மேளனம் டெண்டர் விட்டது. நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டின் முதல் லீக்கை ஏலம் கேட்க ஆள் இல்லை. அடுத்த மாதம் மெஸ்ஸி வந்தார். ஆட வரவில்லை, கைகாட்ட வந்தார். கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் எடுத்த ஜனங்கள், அவரைச் சுற்றி நின்ற பெரிய மனிதர்களின் முதுகைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பிடுங்கி எறிந்தார்கள். நவம்பரையும் டிசம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் நாட்டுக் கால்பந்தில் பணம் இல்லாமல் இல்லை.

சரி, நம் கரை.

நான் ஆடிய காலத்தில் ஏப்ரல் 15 எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். இன்றும் அப்படித்தான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கடலுக்குப் போகிற கால்கள் எல்லாம் கரையில் இருக்கும், பள்ளிக்கூடமும் லீவு. ஒவ்வொரு ஊரிலும் டோர்னமென்ட் நடக்கும். பழைய வலையை வெட்டிக் கோல் வலை கட்டுவோம். நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய். பரிசு சுழற்கோப்பை, கூடவே ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். எங்கள் வீட்டில் அந்த டம்ளர் இன்னும் இரண்டு இருக்கிறது, ஒன்றில் என் பெயரைத் தப்பாகப் பொறித்திருப்பார்கள்.

டம்ளர் போய் ரொக்கம் வந்தது. முதலில் ஐயாயிரம், பிறகு பத்து, இப்போது இருபத்தைந்தாயிரம் என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். கொடுப்பது யார்? ஐஸ் கம்பெனி, படகு முதலாளி, துபாயிலும் கத்தாரிலும் மலேசியாவிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 2022 உலகக் கோப்பை சமயத்தில் தோஹாவிலிருந்த எங்கள் கிளப் பழைய ஆட்டக்காரன் ஒருவன் ஸ்டேடியத்து வாசலில் நின்று வீடியோ காலில் எல்லாப் பையன்களுக்கும் கூட்டத்தைக் காட்டினான், மறுமாதம் இரண்டு பந்து வாங்கப் பணமும் அனுப்பினான். திருப்பூரில் சப்ளிமேஷன் பிரிண்ட் போட்டு வருகிற ஜெர்சி, ராத்திரி ஆட்டத்துக்கு ஜெனரேட்டர் விளக்கு, முதலுதவிப் பெட்டி எல்லாம் அந்தக் காசில் வந்தவை. முன்பு முழங்கால் பிசகினால் எண்ணெய் போட்டு நீவிவிட்டு மறுநாள் படகில் ஏற்றிவிடுவோம். இப்போது ஸ்கேன் எடுக்கவாவது யாராவது காசு தருகிறார்கள்.

கெட்டது ரொக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பெயர் கெஸ்ட். பரிசு இருபத்தைந்தாயிரம் என்றதும் ஊர்ப் பையன்களை மட்டும் வைத்து ஆட எவனுக்கும் தைரியம் இல்லை. மதுரையிலிருந்து ஒருவன், தூத்துக்குடியிலிருந்து ஒருவன், கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடியவன் ஒருவன் என்று இறக்குகிறார்கள். எங்கள் நோட்டில் ஒரு வருடக் கணக்கை அப்படியே சொல்கிறேன். நாலு கெஸ்ட், ஒரு நாளைக்கு ஆளுக்கு இரண்டாயிரம், கால், அரை, இறுதி என்று மூன்று நாள். அது இருபத்து நாலாயிரம். வண்டி, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எட்டாயிரம். முதல் பரிசு இருபத்தைந்தாயிரம். ஜெயித்தோம். தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினோம். கோப்பை அடித்தும் ஏழாயிரம் நட்டம், அதை அடைக்க நான்கு மாதம் ஆனது.

நட்டம்கூடப் பரவாயில்லை. அந்த இறுதியாட்டத்தின் இடைவேளையில் ஒரு கெஸ்ட், பாக்கியை எண்ணிக் கையில் வைத்தால்தான் இரண்டாம் பாதிக்கு இறங்குவேன் என்று ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பார்வையாளர்களிடம் துண்டேந்தி வசூல் செய்து கொடுத்தோம். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு அது கூலி. அதே நேரம் எங்கள் கோல்கீப்பர், பத்தொன்பது வயதுப் பையன், மூன்று வருடமாகக் காலை ஐந்தரைக்குத் தரவைக்கு வந்தவன், வெளியூர் கீப்பருக்காக உட்காரவைக்கப்பட்டுக் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொண்டு நின்றான். தடை முடிந்து படகு கிளம்பியது, அவனும் போனான். அடுத்த தடைக்காலத்துக்கு அவன் மைதானத்துக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "கெஸ்ட் வருவாங்கள்ல மாமா" என்றான். அந்த அணியைத் தேர்வு செய்தவர்களில் நானும் ஒருவன்.

மேலே இங்கிலாந்தில் பெரிக்கு நடந்ததும் இங்கே இந்தப் பையனுக்கு நடந்ததும் அளவில்தான் வேறு. பாடு வந்தது, ஏறிப்போன ஆளுக்குப் பங்கு வரவில்லை.

டர்ஃப் என்கிற செயற்கைப் புல் மைதானம் பற்றியும் கேட்பீர்கள். மணிக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம் வாடகை, பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்கு நூறு. வேலைக்குப் போகிறவனுக்கு அது சுகம்தான். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நூறு ரூபாய் ஏது? பெண் பிள்ளைகள் நிலைமை அதைவிட மோசம். மதுரையின் சேது எஃப்சி 2018-19இல் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது, கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார். நம் கரையில் டோர்னமென்ட் நோட்டீஸில் இருபத்தைந்தாயிரம் போடுகிற கமிட்டி, பெண்கள் ஆட்டம் என்றால் 'காட்சிப் போட்டி' என்று ஒரு வரி போட்டுவிட்டு ஷீல்டோடு முடித்துவிடும்.

இப்போது பங்கு கிடைக்கிற ஒரு வழியைச் சொல்கிறேன், பல கிளப்புக்குத் தெரியாது. ஃபிஃபா விதியில் ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடியும் முன்பே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலை பேசி மாறினால், அந்த விலையில் 5 விழுக்காடு அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு சீசனுக்கும் விலையில் 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஒவ்வொரு சீசனுக்கும் 0.5 விழுக்காடு. உங்களிடம் 12 வயதில் வந்து 15 முடிய ஆடிய பையன் ஒருவன், என்றைக்கோ ஒருநாள் பத்துக் கோடிக்கு வெளிநாட்டுக்கு விலை போனால், உங்கள் பங்கு ஒரு விழுக்காடு, பத்து லட்சம். இதைப் பிரித்துக் கொடுக்கப் பாரிஸில் தனி அமைப்பே வைத்து, 2022 நவம்பரிலிருந்து நடத்துகிறார்கள். நம் ஊரிலிருந்து அப்படி ஒருவன் போவான் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. போனால், பையன் எந்த வருடம் எந்தக் கிளப்பில் பதிவாகியிருந்தான் என்ற காகிதத்தைத்தான் கேட்பார்கள். சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் அவன் பெயர் உங்கள் கிளப் பெயரோடு இருக்க வேண்டும். மாவட்டச் சங்கத்தில் கிளப் இணைந்திருக்க வேண்டும். நம்மில் பாதிக் கிளப்புக்குச் சங்கப் பதிவே புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது. எங்கள் நோட்டில் முப்பது வருட ஆட்டக்காரர் பெயர் இருக்கிறது, பட்டப்பெயர்களாக. 'கட்டையன்', 'வாளை', 'சின்ன ரொனால்டோ' என்று. ஃபிஃபாவுக்கு 'வாளை' யார் என்று எப்படிப் புரியவைப்பது?

உங்கள் இரண்டு லட்சத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு நிபந்தனை இருக்கிறது: பெயர், கோப்பை.

பெயரில் நான் பெரியவர்கள் கட்சி. 1889இல் தொடங்கிய கொல்கத்தாவின் மோகன் பகானை 2020இல் ஏடிகே என்ற ஐஎஸ்எல் கிளப்போடு இணைத்து, பெயருக்கு முன்னால் ஏடிகே என்று ஒட்டினார்கள். பணம் வந்தது, நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ரசிகர்கள் மூன்று வருடம் அந்த மூன்று எழுத்தை எடு என்று கத்தினார்கள். 2023 மார்ச்சில் ஐஎஸ்எல் பட்டம் வென்ற அன்றே முதலாளி பெயரை மாற்றுவதாக அறிவித்தார். வேல்ஸில் கார்டிஃப் சிட்டியை வாங்கிய மலேசிய முதலாளி வின்சென்ட் டான், நீலச்சட்டையை 2012இல் சிவப்பாக்கினார். அந்தச் சட்டையிலேயே அணி பிரீமியர் லீக்குக்கும் ஏறியது, ஆனாலும் 2015இல் நீலத்துக்குத் திரும்பவேண்டி வந்தது. பெயரும் நிறமும் போனால் திரும்ப வாங்க கொல்கத்தாவில் லட்சக்கணக்கான வாய் இருந்தது. நம் ஊரில் எத்தனை பேர் கத்துவார்கள்? இன்னொன்று, அவர் தொழிலில் அடி விழுந்து மூன்றாம் வருடம் நிறுத்திவிட்டால், மூடிப்போன ஒரு நிறுவனத்தின் பெயரில் நீங்கள் ஆடிக்கொண்டிருப்பீர்கள். சங்கப் பதிவிலும் சம்மேளனப் பதிவிலும் பெயர் மாறினால் முன்பு சொன்ன காகிதமும் குழம்பும்.

ஆகவே ஜெர்சியின் நெஞ்சில் அவர் நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். நீங்கள் நடத்தும் டோர்னமென்ட்டுக்கு அவர் பெயரை, அவர் விரும்பினால் அவர் தகப்பனார் பெயரை, வையுங்கள். நம் கரையில் தகப்பனார் பெயரில் சுழற்கோப்பை என்றால் மறுப்பவர் குறைவு. கிளப் பெயரை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கோப்பை விஷயத்தில் பையன்களிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டியிருக்கும். கெஸ்ட் கூடவே கூடாது என்று சொன்னால் நடக்காது, முதல் சுற்றிலேயே நாலு கோல் வாங்கிவிட்டு வந்து உங்களைத்தான் திட்டுவார்கள். நாங்கள் இப்போது வைத்திருக்கிற ஏற்பாடு: களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கெஸ்டுக்கு மேல் இல்லை, கோல்கீப்பர் எப்போதும் ஊர்ப் பையன்தான். கோல்கீப்பர் விதி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வருகிற பணத்தில் சரிபாதி பதினாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, ஆணும் பெண்ணும் சேர்த்து. பந்து, காலையில் ஆளுக்கொரு முட்டை, மாவட்டப் போட்டிக்குப் பஸ் காசு. அந்தப் பாதியை எந்த இறுதியாட்டத்துக்கும் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். பணம் தனி ஆள் ஜிபேக்கு வரக்கூடாது, கிளப் பெயரில் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. மூன்று வருடத்துக்கு எழுத்தில் வாங்குங்கள், வருடப் பணம் மார்ச்சுக்குள், தடைக்கால ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று.

இதை அவரிடம் போனில் பேசாதீர்கள். லீவில் வரும்போது பெரியவர் ஒருவர், பையன் ஒருவன், இருவரையும் கூட்டிக்கொண்டு போய், சின்னதுகள் ஆடுகிற சாயந்திர நேரமாகப் பார்த்து மைதானத்திலேயே உட்காரவைத்துப் பேசுங்கள். ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். எங்களுக்கு ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் இல்லாவிட்டால் பணம் இல்லை என்று போய்விட்டார். அந்த வருடம் பழைய ஜெர்சியையே போட்டு ஆடினோம். உப்புக்காற்றில் எண்கள் உரிந்து மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கால் இறுதியில் எட்டு செய்த ஃபவுலுக்கு ரெஃப்ரி மூன்றுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். மூன்று வாயைத் திறக்கவில்லை, அவன் ஏற்கெனவே செய்த ஒன்று அவர் கண்ணில் படாமல் போயிருந்தது.